தண்ணி நிக்குமா

பதினாறாவது கொண்டை ஊசி வளைவில்
வண்டியை ஓரங்கட்டிய மாதேஸ்
பின்னால் போய்ச் சாக்கில் காதை வைத்துக் கேட்டான்.
"சத்தமே இல்லக்கா, எல்லாம் முழுசாத்தான் இருக்கு."
ஜவ்வரிசி மில்லில் வாங்கிய சாக்குகள்.
உள்ளே உமி. உமிக்குள் ஏழு ஜாடி, நாலு தட்டு,
பெயர் வைக்காத கிண்ணம் ஒன்று.

ஏற்காட்டில்
காப்பிக்கொட்டை குவித்து வைத்த பழைய கொட்டகை.
சுண்ணாம்பு அடித்துப் பலகை போட்டு
ப்ரிசில்லா அதைக் காட்சிக்கூடம் ஆக்கியிருந்தாள்.
புதுச்சேரியிலிருந்து மூன்று பேர்,
பரோடாவிலிருந்து ஒருவர்.
கொச்சியிலிருந்து வந்தவள் கழுத்தில்
சுட்ட மண்ணில் செய்த பல்வரிசை.
வணக்கம் சொல்வதற்கு முன்பே
ஒருவர் பாத்திரத்தை ஒருவர் தலைகீழாகக் கவிழ்த்து
அடியைப் பார்த்துக்கொண்டோம்,
சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல.

என் கிண்ணத்தின் மேல் வெள்ளை
செட்டிச்சாவடி வெள்ளைக்கல்.
இடித்துச் சலித்துக் கரைத்துப் பூசினால்
ஆயிரத்து இருநூற்று நாற்பது டிகிரியில்
அது சுருங்கி, தன்னையே இழுத்துக்கொண்டு
ஏரி வற்றிய தரையாய்ப் பாளம் பாளமாக விலகும்.
நடுவே கறுப்பு.
பரோடாக்காரர் "நிலப்பரப்பு" என்றார்.
நான் தலையாட்டினேன்.
முதல்முறை அது தானாகத் தவறியது.
இரண்டாம் முறை வேண்டுமென்றே தவறவிட்டேன்.
ஒன்பதாம் முறைதான் சரியாகத் தவறியது.
இதையெல்லாம் விலைச்சீட்டில் எழுத முடியாது.
சீட்டில் இருந்தது: 18000.
பக்கத்தில், தொடாதீர்கள்.

விளக்கு மாட்டிக்கொண்டிருந்த செங்கோடன்
ஏணியில் நின்றபடியே கேட்டார்,
"ஏம்மா, இதுல தண்ணி நிக்குமா?"

கூடத்தில் சிரிப்பு.
எப்படிப்பட்ட சிரிப்பென்று எனக்குத் தெரியும்,
அதில் என்னுடையதும் கொஞ்சம் இருந்தது.
பதில் சொல்லவில்லை.
பதில் தெரியாது.
சூளையிலிருந்து எடுத்த நாள்முதல் அதற்குள்
விரலைத் தவிர வேறெதையும் நான் விட்டதில்லை.

மூன்று மணிக்கு மழை.
தகரக் கூரையில் அது விழுந்த விழுகையில்
சமகால மண்கலை பற்றிய உரை அடிபட்டுப்போனது.
பேச்சாளரின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
பிறகு கூரையின் நடுவிலிருந்து ஒரு சொட்டு
பரோடாக்காரரின் கேட்லாக் மேல்.
இன்னொன்று.
ப்ரிசில்லா வாளி தேடி ஓடினாள்.
இருநூறு பாத்திரங்கள் இருந்த கூடத்தில்
ஒரு வாளி இல்லை.

செங்கோடன் இறங்கி வந்தார்.
சீட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
கிண்ணத்தை இரு கையாலும் தூக்கிப்போய்ச்
சொட்டுக்கு நேரே வைத்தார்.
பிறகு தார்ப்பாய்த் துண்டோடு
மழைக்குள் போய்க் கூரை ஏறினார்.
யாரும் தடுக்கவில்லை.
நானும்தான்.

டக்.

டக்.

அடி நனைந்ததும் ஒலி கனத்தது.
பேச்சாளர் மைக்கை அணைத்தார்.
முதலில் கொச்சிக்காரி நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்,
பிறகு ஒவ்வொருவராக.
கறுப்புப் பிளவுகளில் நீர் ஏறி
ஒவ்வொரு வெள்ளைப் பாளமும் தீவாகி
மூழ்கியது.
வாசலில் ஒதுங்கி நின்ற மாதேஸ் சொன்னான்,
"வெள்ளைக்கல் குழியும் ஐப்பசியில இப்படித்தான் ரொம்பும்.
நீச்சலடிப்போம்.
அப்புறம் வேலி போட்டுட்டாங்க."
அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.
மேலே செங்கோடன் சுத்தியலால் தட்டுவது
மழையா அவரா என்று தெரியாதபடி கேட்டது.
இருட்டும்போது ஒழுக்கு நின்றது.
கிண்ணம் விளிம்பு வரை.

காலையில் கூடம் திறந்தால்
பாதிதான் இருக்கிறது.
சிமெண்டுத் தரையில் ஈர வட்டம்.
செங்கோடன் குந்தி உட்கார்ந்து
வட்டத்தை விரலால் அளந்தார்.
"பாதி நிக்கும்" என்றார்,
குறையாகவும் இல்லாமல் பாராட்டாகவும் இல்லாமல்.
பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார்.
மை பரவி
கடைசிப் பூஜ்ஜியத்தைக் காணோம்.

பேனா கொண்டுவரப் போன ப்ரிசில்லா
திரும்பி வருவதற்குள்
அப்படியே ஒட்டிவிட்டேன்.